நட்பு நாட்டுக்குப் போன குரல்

ஜனவரி 2, திங்கள்

ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஆயிரம் ரூபாய் நோட்டும் செல்லாது என்றார்கள். அந்த வரிசையில் நின்று கால் வீங்கிய கொஞ்ச நாளில் முதலமைச்சர் அம்மா போய்ச் சேர்ந்தார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் வர்தா புயல் வந்து எங்கள் முருங்கையைச் சாய்த்தது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததே, அதற்கு அடுத்துப் பிறந்த வருஷம் இது. எனக்கு வருஷம் என்றால் அதில் என்ன நடந்தது என்பதுதான். அதற்கு என்ன நம்பர் என்பதெல்லாம் லோகநாயகியின் இலாகா.

லோகநாயகி என் மனைவி. எட்டாவது வரை படித்தவள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று திருத்தித்தான் எழுதுவேன் என்கிறாள். எழுதட்டும். எதிர்த்துப் பேசினால் பேனாவை மூடிவிடுவாள்.

இந்த டைரி தொழிற்சங்கத்தில் கொடுத்தது. வழக்கமாக இதில் பால் கணக்கு எழுதுவாள். இந்த வருஷம் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் இன்று காலை வந்த ஜீப்.

தொழிற்சாலை ஜீப் எங்கள் சந்துக்குள் நுழைந்ததும், புயல் சேதம் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முருங்கையைக் காட்டினேன். இறங்கியது ஒரு சின்ன வயது மேடம். பேர் பிரமிளா. மக்கள் தொடர்பு அதிகாரி.

"நான் மரத்துக்காக வரல ஐயா. உங்களுக்காக வந்தேன்" என்றார்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலை ராணுவத்துக்கு இரும்புப் பாலம் செய்கிற இடம். துண்டு துண்டாக லாரியில் ஏற்றிப்போய், ஆற்றங்கரையில் இறக்கி, இரும்பு ஆணி செருகிக் கோத்து நிறுத்துகிற பாலம். அதில் நான் கலாசி. கனமானதைத் தூக்குகிறவன், நகர்த்துகிறவன். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிறது.

முன்பு ஒரு முறை நம் அரசாங்கம் அந்தப் பாலத்தை நட்பு நாடு ஒன்றுக்கு விற்றது. இப்போது அதே நாடு இன்னும் பல பாலங்கள் வாங்குகிறதாம். வாங்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க அவர்கள் ராணுவத்துக்காரர்கள் இந்த மாதம் வருகிறார்கள். அன்றைக்குத் தங்களுக்குப் பழக்கிக்கொடுத்த ஆறு கலாசிகளில் யார் உயிரோடு இருந்தாலும் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்களாம்.

எந்த நாடு என்று எழுதக் கூடாது என்று மேடம் கேட்டுக்கொண்டார். அறிவிக்கும் வரை நட்பு நாடு என்றுதான் சொல்ல வேண்டுமாம். அப்போதும் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். நல்ல நட்பு இது, பேரைச் சொல்ல முடியாத நட்பு.

"அந்த ஆறு பேர்ல இப்ப யாரு ஐயா இருக்காங்க?"

துலுக்காணம் மஞ்சள் காமாலையில் போனான். காதர் பாஷா நாகூர் போய்த் திரும்புகிற வழியில் பஸ்ஸிலேயே போனான். மாசிலாமணிக்கு நெஞ்சு வலி. தேவசகாயம் மகனோடு போய் ஓசூரில் இறந்தான். அப்புறம் நான். வரிசையாகச் சொன்னேன்.

மேடம் விரல் மடக்கியிருந்தார். "அஞ்சுதானே ஆச்சு?"

"அந்த ஆளும் இல்லம்மா" என்றேன்.

உள்ளே ஒரு டம்ளர் கீழே விழுந்தது. எனக்கு அவன் இல்லைதான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜனவரி 3, செவ்வாய்

முருங்கையை வெட்டி அடுக்கினேன். கீரையை அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். இடது முழங்காலுக்கு நல்லெண்ணெய்.

ஜனவரி 5, வியாழன்

மேடம் மறுபடி வந்தார். தொழிற்சாலை மலருக்குக் கட்டுரை எழுதுகிறாராம். எந்த வருஷம் ஐயா என்று ஆரம்பித்தார்.

குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்த வருஷம். கிரிக்கெட்டில் நாம் உலகக் கோப்பை ஜெயித்தோம். ஆடி மாதம் இலங்கையில் தமிழர்களை அடித்துத் துரத்தினார்கள். எங்கள் தெருவில்கூட ஒரு குடும்பம் வந்து தங்கியது.

"எண்பத்து மூணு" என்று உள்ளேயிருந்து லோகநாயகி குரல் கொடுத்தாள்.

அந்த வருஷம் நட்பு நாட்டில் வெள்ளம். பாலமெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இங்கே சொட்டுத் தண்ணீர் இல்லை. பாலம் வாங்கியவர்கள் அதை எப்படிப் பூட்டுவது என்று கற்றுக்கொள்ளச் சிப்பாய்களை அனுப்பினார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு பையன் மாதிரி ஆபீசர். மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. நாங்கள் குட்டி ஆபீசர் என்று பேர் வைத்தோம். தோளில் தொங்கும் ஒரு டேப் ரிக்கார்டரை அவர் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த ஏரியில்தான் பயிற்சி. ஏரி வெடித்துக் கிடந்தது. நாங்கள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாலம் போடத் தொடங்கியதும் குட்டி ஆபீசர் கீழே எட்டிப் பார்த்து, தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

"லாரில வருது சார், சாயங்காலம் ஆவும்" என்றான் காதர் பாஷா.

ஆபீஸ் ஐயா அதை இங்கிலீஷில் சொல்லி, அவர் தன் பாஷையில் சிப்பாய்களுக்குச் சொல்லி, ஒவ்வொரு கும்பலாகச் சிரித்தார்கள்.

அவர்கள் மலையில் கிரேன் ஏறாது. எல்லாம் தோளில்தான். பேனல் என்பது இரட்டைக் கட்டில் அளவு இரும்புச் சட்டம். அதற்குள் மூன்று கழிகளைச் செருகி, கழிக்கு இரண்டு பேராக ஆறு பேர் தூக்க வேண்டும். ஆறு பேரும் ஒரே மூச்சில் எழ வேண்டும். ஒருவன் முந்தினால் மொத்தக் கனமும் பிந்தினவன் மேல் சாயும். அதனால் ஆறு பேரில் ஒருவன் குரல் கொடுப்பான். குரல் கொடுப்பவன் பாட்டாகச் சொல்வான், மற்றவர்கள் ஏலே என்று பதில் போடுவோம்.

"நீங்கதான் குரல் குடுப்பீங்களா?" என்றார் மேடம்.

நான் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தேன். வாய் நிறைய எச்சில். பதில் சொல்ல முடியவில்லை. மேடம் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

ஜனவரி 6, வெள்ளி

லோகநாயகி இன்று எழுத மறுத்தாள். குரல் கொடுத்தவன் பேரைச் சொன்னால்தான் பேனாவைத் தொடுவேன் என்றாள். அந்தப் பேர் இந்த டைரியில் வரக் கூடாது என்றேன். ரசம் மட்டும் வைத்தாள். அப்பளம்கூட இல்லை. (இது மறுநாள் எழுதியது.)

ஜனவரி 9, திங்கள்

இன்று ஒரு அதிசயம் பார்த்தேன்.

மேடம் தன் செல்போனில் ஒரு படம் காட்டினார். நட்பு நாட்டிலிருந்து வந்ததாம். பனி மூடிய மலை, கீழே ஆறு, வாலிபப் பிள்ளைகள் சிப்பாய் உடுப்பில் பேனலைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் கத்துகிறான். மற்றவர்கள் பதிலுக்குக் கத்துகிறார்கள். பேனல் எழும்புகிறது.

"என்ன சொல்றாங்கன்னு கேளுங்க ஐயா" என்று சத்தத்தைக் கூட்டினார்.

கன்னியப்பா, ஏலே.
கைநாட்டு, ஏலே.
பொண்டாட்டிதான், ஏலே.
பேனா புடிப்பா, ஏலே.

கன்னியப்பன் நான்தான்.

மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவங்க ராணுவத்துல இது கட்டளையாம். குட்டி ஆபீசர் டேப்புல பதிஞ்சிக்கினு போய், அப்படியே பழக்கிட்டாராம். கன்னியப்பான்னா தூக்கு. கைநாட்டுன்னா தோள்ல வை. பொண்டாட்டிதான்னா நட. பேனா புடிப்பான்னா இறக்கு. அர்த்தம் அவங்க யாருக்கும் தெரியாது. கன்னியப்பாங்கறது பெரிய வாத்தியார் பேர்னு மட்டும் தெரியும்."

லோகநாயகி கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

"வேற தேசத்து மிலிட்டிரி என்னை வெச்சி நடக்குது பாருயா" என்றாள்.

மேடம் போன பிறகு நானும் கொஞ்சம் சிரித்தேன். அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டாள். எழுது என்றேன்.

ஜனவரி 13, வெள்ளி, போகி

பழைய பாய், கிழிந்த முறம், முருங்கைக் குச்சி எல்லாம் எரித்தோம். தெருவெல்லாம் புகை.

அந்தக் குரலின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், மேடம் தன் இஷ்டத்துக்கு எழுதிவிடுவதற்குள்.

குரல் கொடுப்பவன் பாட்டில் கூட இருப்பவனைக் கிண்டல் செய்வது கலாசி வழக்கம். சிரிப்பு வந்தால் கனம் தெரியாது. துலுக்காணத்தின் தொந்தியைப் பாடுவான். தேவசகாயம் கோவிலில் தூங்குவதைப் பாடுவான். யாரும் கோபித்ததில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே தூக்குகிற இடத்தில் என் பேர்தான் வரும். கன்னியப்பா என்று நீட்டிச் சொல்ல வாகாக இருப்பதால் என்று நினைத்திருந்தேன்.

பயிற்சியின் கடைசி நாள். குடும்பத்தையெல்லாம் அழைத்துவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஏரிக்கரை முழுக்கப் பெண்டு பிள்ளைகள். அன்றைக்குப் போய் அவன் புதுப் பாட்டு கட்டிக்கொண்டு வந்தான். கைநாட்டு என்றும், பெண்டாட்டிதான் பேனா பிடிப்பாள் என்றும். கரையே சிரித்தது.

கைநாட்டு என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அதற்கெல்லாம் எனக்கு ரோஷம் வராது. வேறு ஒரு காரணம். அது எழுத வேண்டியதில்லை.

மறுநாள் வேறு கேங்குக்கு மாற்றிக்கொண்டேன். அவன் ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான். போகவில்லை. அப்புறம் அவனும் வரவில்லை.

(கன்னியப்பன் மனைவி லோகநாயகி நானாக எழுதுவது. இவர் குளிக்கப் போயிருக்கிறார். அந்த வேறு காரணம் எனக்குத் தெரியும். அப்போது நான் இவருக்கு வீட்டில் சிலேட்டு வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தன் பேரில் பாதி எழுத வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தானே போய்க் குரல் கொடுத்தவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சந்தோஷம் தாங்காமல் சொன்னது. அதைத்தான் அவர் பாட்டில் விட்டார். ஏரிக்கரையிலிருந்து வந்த பிறகு இவர் சிலேட்டைத் தொடவே இல்லை.)

ஜனவரி 16, திங்கள், காணும் பொங்கல்

பேத்தி வந்திருந்தாள். கரும்பு. மாலையில் வடகறி வாங்கிவந்தாள் லோகநாயகி. பிரமாதம். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு இட்லிக் கடை இருக்கிறது. அந்தக் கடையில்தான் இப்படிக் கிராம்பு தூக்கலாகப் போடுவார்கள் என்று கேள்வி. கேள்விதான்.

ஜனவரி 20, வெள்ளி

ஜல்லிக்கட்டுக்காகக் கடற்கரையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று ஊர் முழுக்கக் கடையடைப்பு. ரயிலும் ஓடவில்லை.

வழக்கமாக விடிந்து கொஞ்ச நேரத்தில் கேட் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கும். ரெண்டு இட்லி ஒரு வடை, நாலு பூரி பார்சல் என்று. ரயில் போகிற சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். தண்டவாளத்தைத் தாண்டி எங்கள் கொல்லை வரைக்கும் கேட்கிற குரல் அது. இன்று கேட்கவில்லை.

"கடையடைப்புனாலதானே?" என்று லோகநாயகியிடம் கேட்டேன்.

"எது?"

"எல்லாமே."

"கடையடைப்புனாலதான். ஆளு நல்லா இருக்காரு" என்றாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. ரயில் ஓடாததைத்தான் கேட்டேன்.

ஜனவரி 24, செவ்வாய்

நட்பு நாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஜீப் அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானும், கல்யாணப் பட்டு கட்டிக்கொண்டு லோகநாயகியும் போனோம்.

குட்டி ஆபீசர் இப்போது ஓய்வு பெற்ற ஜெனரல். மீசை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, கழி அழுத்திக் காய்த்த இடத்தைத் தன் சிப்பாய்களுக்குக் காட்டினார். அப்புறம் என்னவோ நீளமாகப் பேசினார்.

மேடம் சொன்னார்: "நாம வித்த முதல் பாலம் இன்னிக்கும் நிக்குதாம் ஐயா. அந்தப் பாலத்துல கல்யாண ஊர்வலம் போவுது, ஸ்கூலுக்குப் பிள்ளைங்க போவுது. இப்ப மறுபடி வாங்கறதுக்கு அந்தப் பாலம்தான் சாட்சிங்கறார். வேற தேசம் கொறஞ்ச வெலைக்குத் தர்றேன்னு வந்தப்பகூட, எங்க வாத்தியார் ஊர்லதான் வாங்குவோம்னு சொன்னாராம்."

லோகநாயகியைக் காட்டி இவர் யார் என்று ஜெனரல் கேட்டார். மேடம் சொன்னதும் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். பொண்டாட்டிதான் என்று தமிழில் சொன்னார். எல்லாச் சிப்பாய்களும் நடக்கத் தயாராவது போலக் காலை மாற்றினார்கள், பழக்க தோஷம். லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாக ஜெனரல் ஒன்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை கழித்து வருகிற திங்கள் ஒப்படைப்பு விழா. மந்திரி வருகிறார். அன்றைக்குத் தங்கள் சிப்பாய்கள் முதல் பேனலைத் தூக்கும்போது வாத்தியாரே குரல் கொடுக்க வேண்டும் என்றார். குரல் கொடுத்தவருக்குத் தங்கள் ராணுவத்தின் பதக்கம் போட்டு, அந்தப் பழைய பாலத்தைப் பார்க்க அழைத்துப்போகவும் ஏற்பாடாம்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் வாழ்நாளில் குரல் கொடுத்தவன் இல்லை. ஏலே போட்டவன்.

"ஆவட்டும்" என்றேன்.

ஜீப்பில் திரும்பும்போது லோகநாயகி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள். "ஏரோப்ளேன்ல போவணும்னு ஆசையா?"

"இன்னா பேசற? அவங்களா கேட்டாங்க."

"அவங்க யாரைக் கேட்டாங்க?"

எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி உள்ளே போனேன். முழங்கால் வலி.

ஜனவரி 26, வியாழன், குடியரசு தினம்

குளியலறையில் குரல் கொடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பக்கத்து வீட்டுச் செங்கேணி, "அண்ணே, இன்னாண்ணே, வழுக்கி உழுந்துட்டியா?" என்று ஓடிவந்தாள்.

ஜனவரி 28, சனி

வெற்றிலை, பூண்டு எல்லாம் நிறுத்தியாயிற்று. மிளகு கஷாயம். பாட்டு அடி மறக்காது, ஒவ்வொரு அடியும் மனசில் இருக்கிறது. அதைச் சொன்னால் போதும் என்றுதான் நினைக்கிறேன். லோகநாயகி கஷாயத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறாள். ஒன்றும் சொல்லாமல் இருக்க அவளுக்கு வராது.

ஜனவரி 30, திங்கள்

இன்று ஒத்திகை.

ஏரியில் இப்போது தண்ணீர் இருக்கிறது. கரையில் பேனலை அடுக்கியிருந்தார்கள். புது பெயிண்ட் வாசனை. ஆறு சிப்பாய்கள் கழியைப் பிடித்துக் குனிந்தார்கள். ஜெனரல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கோவிலில் நிற்கிற மாதிரி.

நான் மூச்சை இழுத்து, கன்னியப்பா என்றேன்.

ஐந்து பேர் எழுந்தார்கள். இடது பக்கம் நடுவில் நின்ற பிள்ளை அப்போதுதான் காலை மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தான். பேனல் அவன் பக்கம் சாய்ந்தது. அவன் கத்தவில்லை, தாங்கினான். ஆனால் கழி நழுவி, பேனலின் மூலை அவன் பூட்ஸ் முனையில் இறங்கிவிட்டது. மற்றவர்கள் சட்டென்று தூக்கிக் கொண்டதால் பிழைத்தான். பூட்ஸ் முனையில் தகடு வைத்திருந்ததால் விரல் தப்பியது. நசுங்கவில்லை, கன்றிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஒற்றைக் காலில் குதித்துக் காட்டினான். தன் மேல்தான் தப்பு, தூங்கிவிட்டேன் என்றானாம்.

தப்பு அவன் மேல் இல்லை. நான் பாட்டைச் சொன்னேன், காலைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். சாப்பாடு வேண்டாம் என்றேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. தெரிந்தது என்றால், கண் முன்னால் இருந்ததுதான்.

ஏரி வறண்ட அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் லாரியிலிருந்து விழுந்து இடது முழங்கால் போயிருந்தது. கேங்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. குரல் கொடுத்தவன்தான் என்னை இடது பக்கம் நடுவில் போட்டான். நடுவில் கனம் குறைவு. குரல் கொடுக்கும் முன்னால் அவன் எப்போதும் கீழே பார்ப்பான். பாட்டு யோசிக்கிறான் என்று நாங்கள் கேலி செய்வோம். என் கால் ஊன்றுகிற வரைக்கும் பார்ப்பான், ஊன்றிய பிறகுதான் கன்னியப்பா என்பான். நான் தயார் என்று மற்றவர்களுக்குச் சொல்கிற குரல் அது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட என் மேல் கனம் சாய்ந்ததில்லை. அது எப்படி என்று நான் யோசித்ததே இல்லை.

லோகநாயகி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். எழுது என்றேன்.

"அதுக்கு இன்னா சொல்ற இப்ப?" என்றாள்.

"கைநாட்டுன்னு பாடினது பாடினதுதான்" என்றேன்.

"ஆமா. பாடினது பாடினதுதான்" என்றாள். "சோறு போடட்டா?"

சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

ஜனவரி 31, செவ்வாய்

காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு கேட் வரை நடந்தேன். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் அந்தப் பக்கத்து இட்லிக் கடை தெரிந்து தெரிந்து மறைந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு மொட்டைத் தலை. அந்தக் காலத்தில் எவ்வளவு முடி.

ரயில் போன பிறகு கேட் திறந்தார்கள். நான் தாண்டவில்லை. கேட்மேன் கேட்டான், "இன்னா பெரியவரே, போறியா இல்லையா?"

"போவேன், போவேன். இன்னா அவசரம்" என்றேன்.

திரும்பும் வழியில் கொத்தமல்லி வாங்கிவந்தேன்.

பிப்ரவரி 1, புதன்

மேடம் வந்தார். ஒத்திகையில் நடந்ததால் ஆபீசில் யோசிக்கிறார்களாம். விழாவில் குரலுக்குப் பதில் பழைய டேப்பை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம், நான் மேடையில் உட்கார்ந்து பதக்கம் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்று முடிவாம். அதைச் சொல்ல மேடம் கூச்சப்பட்டார்.

"வருத்தப்படாதீங்க ஐயா. வயசு ஆவுது இல்ல. ஜெனரலும் ஒத்துக்கிட்டார்."

டேப் போட்டால் ஆபத்து என்றேன். டேப்புக்குக் கண் இல்லை. எவன் கால் ஊன்றவில்லை என்று அது பார்க்காது. இன்னொரு பிள்ளையின் கால் போகும், அன்றைக்குப் பூட்ஸில் தகடு இருந்தது, எல்லா நாளும் இருக்காது.

"அப்ப வேற வழி? குரல் குடுக்க இப்ப யாருக்கும் தெரியாதே ஐயா. எல்லாமே கிரேன்தானே."

"குரல் குடுத்தது நான் இல்லம்மா."

மேடம் பேனாவை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"நான் தூக்கினவன். என் பேரு அதுல வரும், அவ்ளோதான். பாட்டு வேற ஆளு கட்டினது. மெடலு அந்த ஆளுக்குப் போவ வேண்டியது."

"அவர் இல்லைன்னு சொன்னீங்களே?"

லோகநாயகி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை, விழுவதற்கு.

"நாலு பேரு போய்ட்டாங்க" என்றேன். "துலுக்காணம், காதர் பாஷா, மாசிலாமணி, தேவசகாயம். நான் ஒருத்தன் இருக்கேன்."

"இன்னொருத்தர்?"

"கேட்டைத் தாண்டி இட்லிக் கடைல உக்காந்துக்கினு இருக்கான். ஜீப்பை எடுங்கம்மா, நானே கூட்டினு போறேன். வரமாட்டேன்னு சொல்லுவான், கொஞ்சம் முறுக்கிப்பான், நான் பேசிக்கறேன். ஏரோப்ளேன்ல ஜன்னல் சீட்டு மட்டும் எனக்கு வேணும்னு சொல்லிடுங்க."

மேடம் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். "பேர் சொல்லுங்க ஐயா."

மேடத்தின் பேனா ஒரு பக்கம் திறந்திருக்க, லோகநாயகி உள்ளே போய் இந்த டைரியை எடுத்துவந்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தன் பேனாவையும் திறந்து வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"எத்திராஜ்" என்றேன்.